அக்காவின் புறாப் பக்கம்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பேன், அவர் சொல்லட்டும் என்று. அப்படிப்பட்டவள் ஒருவரைப் பற்றி எழுதி, அதை மற்றவர்கள் படிக்க வேண்டும் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் எழுதுவது எனக்குப் புதிதில்லை. சில வருடங்கள் தினமும் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் யாரோ ஓர் அம்மாள் தன் சமையலைப் பற்றி எழுதிய இணையப் பக்கத்துக்கு அடியில், 'மிக நல்ல பதிவு, நன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, பெயர் கேட்கும் கட்டத்தில் 'ஒரகடம் கிரேன் வாடகை' என்று போட்டு, அடுத்த கட்டத்தில் அந்தக் கடையின் இணைய முகவரியைக் கொடுப்பேன். அதுதான் என் வேலை. ஒரு கடையின் பக்கத்துக்கு வெளியிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றனவோ அத்தனைக்கு அது பெரிய கடை என்று தேடுபொறி அப்போது நம்பியது. அந்த இணைப்புகளை உலகம் முழுக்கத் தூவிக்கொண்டிருந்த பெண்களில் நானும் ஒருத்தி. என் பெயரில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நினைத்தவுடன் கண்முன் வருவது அந்த மாடி அறையின் காலை நேரம். இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில் இருக்கும். படப்பை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மொபைல் ரீசார்ஜ் கடைக்கு மேலே, தகர ஷீட் போட்ட அறை. சுவரோரமாக மேசைகள், ஒவ்வொன்றிலும் பழைய பெட்டி மானிட்டர். செருப்பை வாசலில் விட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவோம். விளக்கேற்றுவது போல அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் வேலையாக, அவரவர் கையிலிருக்கும் வாடிக்கையாளரின் சொல்லைத் தேடுபொறியில் தட்டி, நம் ஆள் எத்தனையாவது இடத்தில் வருகிறார் என்று பார்க்க வேண்டும். பார்த்ததோடு விடக்கூடாது, அதைத் திறந்து இரண்டு நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு வர வேண்டும். "நாமளே தொறந்து பாக்கலன்னா வேற எவன்மா பாப்பான்?" என்பார் சார். சிறிது நேரம் மவுஸ் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஜன்னலோர மேசையிலிருந்து அக்காவின் குரல் வரும். "வந்துட்டாம்ட்டி, மொத ஆளா நிக்கான்." பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் கம்பெனி ஒன்றைத்தான் அவர் அப்படிச் சொல்வார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைப் பார்த்தவர் மாதிரி இருக்கும் அந்தக் குரல்.

சார் முன்பு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை விட்டு, மைத்துனரிடம் கற்றுக்கொண்டு இந்தத் தொழிலை ஆரம்பித்திருந்தார். எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்வார். "ஒரகடம் கூட்ரோட்டுல ஷிப்ட் பஸ் நிக்கிற எடம் கீதுல்ல, அங்க டீக்கடை போட்டா யாவாரம். அதே டீய பின்னாடி சந்துல போட்டா ஈ ஓட்டிக்கினு குந்தினு இருக்கணும். மொத பக்கம்னா பஸ் நிக்கிற எடம். அவ்ளோதான் இந்தத் தொழிலு." நாங்கள் சிரிப்போம். ஆனால் அதைவிடத் தெளிவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்போது இரண்டு மூன்று தேடுபொறிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் பார்ப்போம். போகப்போக ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. எல்லாப் பஸ்ஸும் ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டன என்றார் சார்.

அக்கா தெற்கத்திக்காரர், சங்கரன்கோவில் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாள் என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர்கள் ஊரில் அது பிரியமானவர்களைக் கூப்பிடுகிற சொல் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஏதோ கோபம் என்று பயப்படுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா இல்லாமல் போன பிறகு தம்பியை வளர்த்து, ஐடிஐ படிக்க வைத்து, அவனுக்கு இங்கே ஒப்பந்த வேலை கிடைத்ததும் கூடவே கிளம்பி வந்தவர். இருவரும் படப்பையில் ஒரு மாடி வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தம்பி அங்கே இல்லை. எங்கே என்று கேட்க எனக்குக் கூச்சம். எங்களோடு வேலை பார்த்த குன்றத்தூர்ப் பெண்தான் ஒரு நாள் சாப்பிடும்போது, "இன்னாக்கா, உங்க தம்பி துபாய்க்கா போயிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். எதையும் மனசில் வைக்காத வாய் அவளுக்கு. அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

தம்பிக்குப் புறாப் பைத்தியம். இங்கே வந்த பிறகு சிநேகிதர்களிடம் பிடித்த பழக்கம். மாடியில் மரக்கூண்டு செய்து வைத்து, ஷிப்ட் முடிந்து வந்தால் முகம் கழுவுவதற்கு முன்னால் மேலே போவான். சம்பளத்தில் பாதி கம்புக்கும் பட்டாணிக்கும் போகும். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா காயப்போடும் துணியிலும் வற்றலிலும் எச்சம் விழ, புறாவா வீடா என்று ஒரு நாள் முடிவாகக் கேட்டுவிட்டார். அக்கா அவன் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, குன்றத்தூரில் புறா வளர்க்கிற ஒருவரை வரவழைத்து, பறவைகளைக் கூண்டோடு கொடுத்துவிட்டார். சாயங்காலம் தம்பி வந்தான். மேலே போய்ப் பார்த்தான். கீழே வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

"ஏசுவான்னு நெனச்சேன். ஒரு சொல்லு சொல்லல. இன்னும் கொஞ்சம் சோறு வைன்னு கேட்டு வாங்கித் தின்னான். அம்புட்டுத்தான். காலைல பாத்தா யூனிபார்மை மடிச்சுக் கொடியில போட்டுட்டுப் போயிட்டான்" என்றார் அக்கா. தம்பி போன் எண்ணையும் மாற்றிவிட்டான். கம்பெனியில் விசாரித்தால் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். ஓசூர் என்றார் ஒருவர், திருப்பூர் என்றார் இன்னொருவர். அக்கா இரண்டு ஊருக்கும் போய் வந்திருந்தார்.

நான் சேர்ந்த வருடம் ஆடிக்காற்று சமயத்தில், கொடுத்த புறாக்களில் ஒன்று திரும்பி வந்தது. வழி தெரிந்து வந்துவிட்டதே தவிர, வந்த இரண்டாம் நாளே உடம்பு சரியில்லாமல் போயிற்று. கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, தலை மேலும் கீழுமாகப் போய், கொத்தினால் தானியத்தில் படாமல் தரையில் பட்டது. அக்கா அதைத் துணியில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து அலுவலகத்துக்கே கொண்டுவந்தார். அந்த நேரத்தில்தான் அவர் தனக்காக முதல் தடவை தேடுபொறியில் ஏதோ தட்டினார் என்று நினைக்கிறேன். புறா கழுத்துத் திருகல் என்று தமிழில் போட்டார். ஒன்றுமே வரவில்லை. ஆங்கிலத்தில் போட்டால் வெளிநாட்டு மருந்தும் வெளிநாட்டு விலாசமும் வந்தன. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"ஏட்டி, அவன் என்னையத் தேட மாட்டான். ஆனா எங்க இருந்தாலும் புறா வளக்காம இருக்க மாட்டான். வளத்தா இந்தச் சீக்கு வரும். வந்தா தேடுவான். தேடுனா இங்க ஒண்ணுமே இல்லயே. அங்க நான் போய் நிக்கணும்."

எங்கள் தொழிலின் சாரமே அதுதான். நீங்கள் யார், என்ன விற்கிறீர்கள் என்பது தேடுகிறவனுக்கு வேண்டாம். அவனுக்கு என்ன குறை, அதை அவன் வாய் என்ன சொல்லாகச் சொல்லும் என்று யோசித்து, அந்தச் சொல்லின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கிரேன்காரருக்கும் ஹாஸ்டல்காரருக்கும் அதை நாங்கள் தினமும் செய்துகொண்டிருந்தோம். அக்கா அதைத் தன் தம்பிக்காகச் செய்ய நினைத்தார்.

ஆனால் அவருக்குப் புறாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றத்தூருக்குக் கிளம்பினார். துணைக்கு நான். புறாக்களை வாங்கியவரிடமே முதலில் போனோம். கூண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார் அக்கா. அந்தப் புறாக்காரர் வழியாக இன்னொருவர், அவர் வழியாக வேறொருவர் என்று மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறினோம். ஆண்கள் மட்டும் இருக்கும் இடங்கள் அவை. லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்கம்மா டாக்டரம்மா, இன்னா கேள்வி இன்னிக்கு?" என்று கிண்டல் செய்வார்கள். அக்கா அசரமாட்டார். "டாக்டரம்மா ஃபீஸு வாங்குதவ. நான் ஓசில கேக்க வந்தவ. சொல்லுங்க" என்பார். நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று சேலை நுனியைச் சுற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தொட்டி நிழலும், தலைக்கு மேலே ஒரே வீச்சாகத் திரும்பும் புறாக்களும், அக்காவின் விடாத கேள்விகளும் எனக்கு இப்போதும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. என் வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது அந்த நாட்களில்தான்.

இணையத்தில் இலவசமாகப் பக்கம் தொடங்கித் தரும் இடம் ஒன்றில் அக்கா எழுதினார். பேசுவது போலவே எழுதினார். 'கழுத்து திருகுன புறாவக் கொன்னு போடாதீங்க. தனியா வையுங்க. பழைய துணி விரிச்சு வையுங்க, விழுந்தாலும் அடிபடாது. தட்டுல தீனி வச்சா அதால கொத்த முடியாது. ஆழமான கிண்ணத்துல நெறைய கொட்டி வையுங்க. தலை எங்க போனாலும் மூக்குல தானியம் படும்.' திரும்பி வந்த புறா அப்படித்தான் பிழைத்திருந்தது. பக்கத்தின் கடைசியில் இரண்டு வரி: 'இதை எழுதுவது படப்பையில் ஒரு அக்கா. கூண்டு மாடியிலேயே இருக்கு. பூட்டல.' வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்லி அந்தக் கூண்டை மறுபடி ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு புறா அதில் தனியாக இருந்தது.

பக்கத்துக்குக் கேள்விகள் வரத் தொடங்கின. திருச்சியிலிருந்து, வாணியம்பாடியிலிருந்து, கொழும்பிலிருந்துகூட. அக்கா ஒவ்வொன்றையும் பேரோடு வாசிப்பார். எழுதியவன் பேச்சில் தங்கள் ஊர் வாடை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பதில் எழுதுவார். தெரியாததை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வந்து திங்கட்கிழமை எழுதுவார். சார் பின்னால் வந்து நின்று, "ஏம்மா, கிரேன் கமெண்ட் போடச் சொன்னா புறா கமெண்ட் போட்டுக்கினு கீற?" என்பார். திட்டு மாதிரி இருக்காது. அவருக்கும் விஷயம் தெரியும்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரியத்தில் செய்தது. அக்காவின் பக்கம் முதலில் வர வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வேலைக்கு நடுவே அதற்கும் இணைப்புத் தூவினோம். கிரேனுக்கு ஒன்று போட்டால் புறாவுக்கு ஒன்று. குன்றத்தூர்ப் பெண் ஜெர்மனிக்காரர் ஒருவரின் பூச்செடிப் பக்கத்தில் போட்டுவிட்டு, "அக்கா, உன் தம்பி ஜெர்மனில இருந்தாலும் மாட்டிக்குவான்" என்றாள். பக்கம் முதல் இடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அக்கா தினமும் காலையில் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸுக்குப் பிறகு புறாவைத் தட்டுவார். "நிக்கேன்" என்பார். திறந்து பார்த்துவிட்டு மூடுவார்.

பிறகு ஒரு கோடையில் தேடுபொறி தன் வழியை மாற்றிக்கொண்டது. காசுக்குத் தூவிய இணைப்பு எது, தானாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது. தூவிய பக்கங்களைப் பின்னால் தள்ளியது. எங்களுக்கு அது உடனே தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் போன் செய்து, எங்கள் கம்பெனி வரவே இல்லையே என்று சத்தம் போட்டார்கள். நாங்கள் தட்டிப் பார்த்தோம். எங்கள் திரையில் எல்லோரும் பழையபடி முதல் இடத்தில் நின்றார்கள். "எங்க சிஸ்டத்துல வருது சார்" என்று ஒவ்வொரு போனுக்கும் சொன்னோம். மனசறிந்து உண்மையைத்தான் சொன்னோம்.

பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்காரர் ஒரு நாள் மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். அதை அக்காவின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப நீ தட்டும்மா, நானும் தட்டறேன்." இருவரும் ஒரே சொல்லைத் தட்டினார்கள். அக்காவின் திரையில் அவர் கம்பெனி முதலில். அவர் திரையில் அது எங்கேயும் இல்லை. ஒரே சொல், ஒரே நேரம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு திரை. சார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்று சாயங்காலம் மைத்துனருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு எங்களுக்கு விளக்கினார். ஒரே கம்ப்யூட்டரில் தினமும் எதைத் திறக்கிறோமோ, அது நமக்குப் பிடித்தது என்று தேடுபொறி நினைத்துக்கொள்ளுமாம். நமக்கு மட்டும் அதை முன்னால் கொண்டுவந்து வைக்குமாம். விளக்கேற்றுவது போல நாங்கள் செய்துவந்த வேலை, எங்கள் கண்ணை நாங்களே கட்டிக்கொண்டதுதான்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்து கீழே போனார். நானும் பின்னாலேயே இறங்கினேன். கடைக்காரரிடம், "அண்ணாச்சி, ஒங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு பாக்கணும்" என்றார். "இன்னாம்மா, ஒம்போது கம்ப்யூட்டர மேல வச்சிக்கினு இங்க வர?" என்று சிரித்துக்கொண்டே அவர் நகர்ந்து இடம் விட்டார். அக்கா தட்டினார். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கம். அதற்கடுத்தது. அதற்கும் பின்னால். ரீசார்ஜுக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள். அக்கா மறுபடி முதல் பக்கத்துக்கே போய், முதலில் நின்ற பக்கத்தைத் திறந்தார். அது யாரோ ஒருவருடையது. அதில் இருந்தது முழுக்க அக்கா எழுதியது. ஆழமான கிண்ணம், பழைய துணி, தலை எங்க போனாலும் மூக்குல தானியம் படும். அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். கடைசி இரண்டு வரி மட்டும் இல்லை.

"தம்பி தேடியிருந்தா மருந்து கெடச்சிருக்கும்ட்டி" என்றார் அக்கா. "நான் கெடச்சிருக்க மாட்டேன்."

படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு முன் அவர் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

அந்த வருடமே இன்னொன்றும் சேர்ந்தது. வீட்டுக்காரர்கள் வீட்டை இடித்து, அறை அறையாகக் கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் படப்பை முழுக்க அதுதான் நடந்துகொண்டிருந்தது. தம்பிக்குத் தெரிந்த ஒரே விலாசம் அந்த வீடு. அது போய்விட்டால் அக்கா இருக்கும் இடம் எழுதியிருக்கும் ஒரே இடம் அந்தப் பக்கம்தான். அது யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடந்தது.

தூவிய இணைப்பை எடுத்தால்தான் பக்கம் மறுபடி மேலே வரும் என்றானதும், அலுவலகத்தின் வேலையே தலைகீழாக மாறியது. எந்தெந்த இடத்தில் எல்லாம் எங்கள் இணைப்பைத் தூவியிருந்தோமோ, அதே இடத்துக்கு, தயவுசெய்து நீக்கிவிடுங்கள் என்று எழுத ஆரம்பித்தோம். சார் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தார். சிலர் நீக்கினார்கள். சிலர் அதற்கும் காசு கேட்டார்கள். பல இடங்களில் ஆளே இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போன தெரு மாதிரி, போர்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் பக்கங்கள். ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் அக்கா, குன்றத்தூர்ப் பெண், நான், சார். வாடிக்கையாளர் வேலை முடிந்ததும் நாங்கள் மூவரும் புறாவுக்கு உட்காருவோம். ஜெர்மனிக்காரரின் பூச்செடிப் பக்கத்துக்கு எழுதிய பெண், "ஐயா, மன்னிச்சிக்கோங்க, எங்க அக்காவுக்காகத்தான் போட்டேன்னு இங்லீஷ்ல எப்படிக்கா எழுதறது?" என்று கேட்டாள். சார் எழுதிக் கொடுத்தார். அந்த ஜெர்மனிக்காரர் நீக்கிவிட்டு, புறா நலமா என்று கேட்டு ஒரு வரி எழுதியிருந்தார்.

பக்கம் மேலே ஏறுகிறதா என்று எங்கள் கம்ப்யூட்டரில் பார்ப்பதை அக்கா நிறுத்திவிட்டார். "இது நமக்குப் புடிச்சதத்தான் சொல்லும். ஊராங்கிட்ட கேப்போம்" என்றார். எனவே கண்ணில் பட்டவர்களின் போனில் எல்லாம் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்கவே வாய் வராது. அக்காவுக்காகக் கேட்டேன். ஷேர் ஆட்டோவில், ரேஷன் வரிசையில், குன்றத்தூர் மலைப்படியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவர்களிடம்கூட. புறாவா என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முகம் சூடாகிவிடும். இல்லை என்பார்கள். நன்றி சொல்லிவிட்டுத் தள்ளி உட்காருவேன்.

இப்போது நான் மறைமலை நகரில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் தங்கும் இடம். அவர்கள் யாரும் எதையும் தட்டுவதில்லை. போனை வாய்ப்பக்கம் பிடித்துக் கேள்வியைக் கேட்கிறார்கள். அதுவே பதிலும் சொல்லிவிடுகிறது. பதில் எந்தப் பக்கத்தில் இருந்தது, எழுதியவர் யார் என்று திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. ஒரு நாள் அறையில் தனியாக இருந்தபோது, புறாவுக்குக் கழுத்துத் திருகினால் என்ன செய்வது என்று என் போனிடம் கேட்டேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு பெண் குரல், ஆழமான பாத்திரத்தில் தானியத்தை நிறைய வைக்கவும், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அலகில் தானியம் படும் என்று சொன்னது. பேச்சைத் திருத்திச் சுத்தமாக்கியிருந்தார்கள். நான் மறுபடி மறுபடி கேட்டேன். அது அலுக்காமல் சொன்னது.

அக்கா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சார் அலுவலகத்தை மூடிய பிறகு கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. அவர் பிறகு குடிபோயிருந்த புது வீட்டைத் தேடிப் போனபோது அங்கேயும் இல்லை, தெற்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். தம்பி வந்து அழைத்துப் போனானா என்று கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தேட வேண்டும் என்றால் எந்தச் சொல்லைத் தட்டுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இப்போது என்ன வேண்டியிருக்கும், எதைத் தேடுவார், நான் எங்கே போய் நிற்க வேண்டும்? புறாப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதன் முகவரி எனக்கு மனப்பாடம். முகவரியைத் தட்டினால் திறக்கும், தேடினால் இப்போது வராது. ஒரு முறை அதன் அடியில், 'அக்கா, நான்தான்' என்று எழுதிவிட்டு வந்தேன். பெயர் கேட்ட கட்டத்தில் முதலில் 'ஏட்டி' என்று போட்டு, அழித்துவிட்டு, என் பெயரைப் போட்டேன். இன்னும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனசு கனக்கும்போது நான் நினைத்துக்கொள்வது அந்த ஒரு நாளைத்தான். அக்கா வீடு மாறி, படப்பைக்கு வெளியே புதிதாக மனை போட்டிருந்த பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போயிருந்தார். கூண்டையும் புறாவையும் மினி வேனில் தானே பிடித்துக்கொண்டு போனார். பக்கத்தில் அந்தக் கடைசி இரண்டு வரிக்கு மேலே, புது இடத்துக்கு எந்தத் தெருவில் எப்படித் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் ஒரு வேலையாக ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே யூனிபார்ம் போட்ட ஒரு பையன், தூங்கி வழிந்துகொண்டு. மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னது, புறாவுக்குக் கழுத்தா? எங்கூர்ல எங்க மாமா வளக்காரு" என்று அவனே தட்டினான். தெற்கத்திப் பேச்சு. "எது அக்கா? படப்பைல ஒரு அக்கான்னு போட்டிருக்கே, இதா? மூணாவதா இருக்கு பாருங்க." போனை வாங்கிப் பார்த்தேன். விரல் எங்கேயோ பட்டுத் திரை அணைந்துவிட்டது; அவன் சிரித்துக்கொண்டே மறுபடி காட்டினான். அக்காவின் பக்கம்தான். கூண்டு பூட்டல என்பது வரை இருந்தது.

வழியிலேயே இறங்கி, எதிர்ப்பக்க ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். அக்கா மாடியில் புறாவுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். ஓ என்று கத்துவார், அழுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு போன்ல பாத்த?" என்றார். "யாரோ ஒரு கம்பெனிப் பையன்க்கா. நம்மளத் தெரியாது அவனுக்கு." அதைக் கேட்டபிறகுதான் அவர் முகம் மலர்ந்தது. "ஊராம் போன்லயே வந்துட்டா சரிதான்" என்றார். ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கட்டாத மனைகளும் நட்ட கல்லும், தூரத்தில் ஷிப்ட் பஸ்களும் தெரிந்தன. "நம்ம வேலை முடிஞ்சுட்டுட்டி. நிக்கத்தான் நம்மால முடியும். தேடுறது அவம்பாடு."

அன்று என்னைப் போகவிடவில்லை. வாசலைக் கழுவச் சொன்னார். அரிசி அளந்து போட்டவர் கொஞ்சம் நின்று, இன்னொரு ஆளுக்கும் சேர்த்துப் போட்டார். குன்றத்தூர்ப் பெண்ணுக்குப் போன் செய்தோம். "இன்னாக்கா, ட்ரீட்டு எங்க?" என்று அவள் கத்தியது மாடி வரை கேட்டது. நாங்கள் மூவருமாகச் சிரித்தோம். அக்கா அத்தனை சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பக்கத்துக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெரியவர், புறா இட்ட முட்டை ஏன் தோல் மெலிந்து உடைகிறது என்று கேட்டிருந்தார். அக்கா பதில் எழுதினார்.